கால் எரிச்சல் நின்றால் குணமாகிவிட்டதா?

சர்க்கரை நோய் உள்ளவருக்கு இரண்டு மூன்று வருடமாக ராத்திரி ஆனால் பாதம் எரிகிறது. போர்வை பட்டாலே கூசுகிறது. பிறகு எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒருநாள் நின்றேவிடுகிறது. அந்தச் சமயத்தில் அவர் எதை எடுத்துக்கொண்டிருந்தாரோ அதற்குப் பேர் கிடைத்துவிடும். கஷாயம் குடித்தவர் கஷாயத்தைச் சொல்வார், மாத்திரை போட்டவர் மாத்திரையைச் சொல்வார், தைலம் தேய்த்தவர் தைலத்தைச் சொல்வார்.

எரிச்சல் நிற்க இரண்டு காரணம் உண்டு. நரம்பு தேறியிருக்கலாம். அல்லது வலியைக் கொண்டுபோக வேண்டிய நரம்பிழையே செத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாமவர் நிம்மதியாகத் தூங்குவார். இரண்டாமவரும் நிம்மதியாகத்தான் தூங்குவார், காலில் ஆணி ஏறியது தெரியாமல். சர்க்கரையால் வரும் இந்த நரம்புக் கேட்டுக்கு எந்த வைத்தியம் பார்த்தாலும், "எரியுதா, எரியலையா" என்பதை மட்டும் வைத்து அந்த வைத்தியத்தை எடைபோடக் கூடாது.

நரம்பு எப்படிக் கெடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இடுப்புக்குப் பக்கத்தில் முதுகுத்தண்டை ஒட்டி இருக்கும் நரம்புச் செல் ஒன்றின் இழை, கால் விரல் நுனிவரை ஏறத்தாழ 1 மீட்டர் போகிறது. அவ்வளவு தூரத்துக்கும் சரக்கு அனுப்புவது அந்த ஒரு செல்தான். ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழியும்போது அதில் ஒரு பகுதி சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாறி நரம்புக்குள் தேங்குகிறது. புரதங்களில் சர்க்கரை ஒட்டிக்கொண்டு அவை விறைக்கின்றன. நரம்புக்கே ரத்தம் கொடுக்கும் மயிரிழை போன்ற நாளங்கள் அடைபடுகின்றன. வரத்துக் குறைந்தால் வாய்க்காலில் முதலில் காய்வது கடைமடைதான். அதனால்தான் இரண்டு காலிலும் ஒரே மாதிரி விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மேலே ஏறுகிறது. முழங்கால் அளவுக்கு வந்த பிறகுதான் பொதுவாகக் கைவிரல் நுனியில் ஆரம்பிக்கும்.

ஒரு சொல் விளக்கமும் தேவைப்படுகிறது. சுவர் விளம்பரங்களிலும் லாட்ஜ் வைத்தியர்களின் நோட்டீசிலும் வரும் "நரம்புத் தளர்ச்சி" வேறு கதை. இங்கே பேசுவது மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்தல், எறும்பு ஊர்தல், பஞ்சுமேல் நடப்பதுபோன்ற உணர்வு. இவை எதுவுமே இல்லாமலும் நரம்பு கெட்டிருக்கலாம். பாதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேர்வரை எந்தத் தொந்தரவும் சொல்வதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவானது, கருவி வேண்டாம். படுத்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால்விரல் நுனியை ஒன்று அல்லது இரண்டு விநாடி லேசாகத் தொட வேண்டும். வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் ஆறு இடம். தொட்டது தெரிந்ததும் வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. செய்பவர்கள் தவறுவது மூன்று இடத்தில்: அழுத்திவிடுவார்கள், தடவுவார்கள், தெரியவில்லை என்றால் திரும்பத் தொட்டுப் பார்ப்பார்கள். அழுத்தினாலோ தடவினாலோ வேறு உணர்வு கிளம்பிவிடும். ஓர் இடத்துக்கு ஒரே தொடுகைதான்.

மருத்துவமனையில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் பார்ப்பார்கள். இழை வளையும்வரை அழுத்தி எடுக்க வேண்டும். காய்ப்பு உள்ள இடத்தில் வைத்தால் நல்ல நரம்பும் பேசாது. ஒரே இழையால் பத்துப் பேரைப் பார்த்த பிறகு அதற்கு ஒருநாள் ஓய்வு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நைலான் தளர்ந்து 10 கிராமுக்குக் குறைவாகவே அழுத்தும். முகாம்களில் இதை யாரும் கவனிப்பதில்லை. கூடவே 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பயோதீசியோமீட்டர் இருக்கும் இடங்களில் அதே அதிர்வை வோல்ட் கணக்கில் தருவார்கள். 25 வோல்ட்டுக்கு மேல் போனால் புண் வரும் வாய்ப்பு அதிகம். செலவு பிடிக்கும் நரம்பு மின்கடத்தல் பரிசோதனை தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் அதில் எல்லாம் சரியாக இருப்பதாகவே அறிக்கை வரும். "டெஸ்ட் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் இந்த வகை.

இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு நோய் கண்டுபிடித்த அன்றே இந்தச் சோதனைகளைத் தொடங்க வேண்டும், முதலாம் வகைக்கு 5 வருடம் கழித்து. பிறகு வருடத்துக்கு ஒருமுறை. வரும் எண்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மூலிகையோ மாத்திரையோ, வேலை செய்ததா என்பதற்கு அந்த நோட்டுத்தான் சாட்சி.

மருந்து தேடும் முன், இது சர்க்கரையால் வந்ததுதானா என்று பார்ப்பது முக்கியம். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும். அளவு கூடக் கூட, வருடம் கூடக் கூட வாய்ப்பும் கூடும். சைவச் சாப்பாடு என்றால் இன்னும் வேகம். பி12 குறைவும் இதே மதமதப்பைத்தான் தரும், ஆனால் அது சரிசெய்யக் கூடியது. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவுதான். 200 முதல் 300 வரை சந்தேகக் கோடு. பரிசோதனைக்கு முன்பே பி12 மாத்திரை போட்டுவிட்டால் எண் உயர்ந்து வந்து உண்மையை மறைத்துவிடும், ஆகவே முதலில் ரத்தம், பிறகு மாத்திரை. தைராய்டு, சிறுநீரகம், மது ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். தோலில் வெளிறிய, உணர்வில்லாத படை இருந்தால் தொழுநோயும் நினைவுக்கு வர வேண்டும், அது நம்மைவிட்டு முழுக்கப் போய்விடவில்லை. ஒரே காலில் மட்டும் இருப்பது, காலைவிடக் கையில் முதலில் தொடங்குவது, மரப்பைவிட பலவீனம் முந்துவது, வாரக்கணக்கில் வேகமாக ஏறுவது ஆகியவை சர்க்கரை நரம்புக் கேட்டின் குணம் அல்ல. அப்படி இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

ரத்தக்குழாய் அடைப்பையும் நரம்புக் கேட்டையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. நரம்பெரிச்சல் ராத்திரி படுக்கும்போது அதிகமாகி, எழுந்து நாலடி நடந்தால் பெரும்பாலும் அடங்கும். அடைப்பு வலியோ நடந்தால் கெண்டைக்காலில் பிடித்து, நின்றால் விடும். முற்றிய நிலையில் படுக்கும்போது வலித்து, காலைக் கட்டிலிலிருந்து தொங்கப்போட்டால் தணியும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் நிறைய.

இனி வைத்தியம். முதல் வேலை நரம்பு மேலும் சாகாமல் தடுப்பது. முதலாம் வகைச் சர்க்கரையில் இதற்கு உறுதியான சான்று 1993இல் அமெரிக்காவில் முடிந்த டிசிசிடி ஆய்வு. 1,441 பேரைப் பல வருடம் தொடர்ந்ததில், சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு நரம்புக் கேடு ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையில் பலன் இருக்கிறது, ஆனால் அவ்வளவு இல்லை. அங்கே எடை, ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம், புகை எல்லாம் பங்காளிகள்.

இங்கே ஒரு விசித்திரம். நெடுநாள் 12, 13 என்று இருந்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எண்) மூன்று மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் சரிந்தால், அடுத்த சில வாரங்களில் கடுமையான எரிச்சல் புதிதாகத் தொடங்கக்கூடும். இன்சுலினில் இறங்கினாலும் வரும், பட்டினி போட்டு இறக்கினாலும் வரும். "இன்சுலின் போட்ட பிறகுதான் கால் எரிய ஆரம்பித்தது" என்று நிறுத்திவிடுபவர்களில் சிலர் இந்த ரகம். அவர்கள் பொய் சொல்லவில்லை, காரணத்தைத்தான் தவறாகப் பிடிக்கிறார்கள். இது பெரும்பாலும் மாதங்களில் தணியும். அதிக எண்ணிலிருந்து இறங்குபவர்கள் படிப்படியாக இறங்குவது நல்லது.

இரண்டாவது வேலை வலியை அடக்குவது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலிமாத்திரை இதற்கு உதவாது. அவை வீக்கத்தால் வரும் வலிக்கானவை. ஏற்கெனவே சர்க்கரையால் அடிபட்டிருக்கும் சிறுநீரகத்தை அவை இன்னும் கெடுக்கும். மெடிக்கலில் "கால் வலிக்குது" என்று மட்டும் சொன்னால் கைக்கு வருவது அதுதான்.

நரம்பு வலிக்கென்று உள்ள முதல் வரிசை மருந்துகள் நான்கு: அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின், கேபாபென்டின். இவை எதுவும் நரம்பைச் சரிசெய்வதில்லை. தவறான மணி அடிக்கும் நரம்பின் சத்தத்தைக் குறைக்கின்றன, அவ்வளவே. எது உசத்தி என்ற சண்டையை இங்கிலாந்தில் நடந்து 2022இல் வெளியான ஆப்ஷன்-டிஎம் ஆய்வு ஓரளவு தீர்த்துவைத்தது. 130 பேருக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் மூன்றையும் முறைமாற்றித் தொடக்க மருந்தாகக் கொடுத்து, போதாதவர்களுக்கு இன்னொன்றையும் சேர்த்தார்கள். பத்துக்கு 6.6 ஆக இருந்த வலி, மூன்று வழியிலும் 3.3க்கு வந்தது. ஆகவே மருந்தைத் தேர்ந்தெடுப்பது வலியைப் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்து.

தூக்கமே இல்லை, வயது அதிகமில்லை, இதயம் நன்றாக இருக்கிறது என்றால் அமிட்ரிப்டிலின் ராத்திரி 10 மில்லிகிராமில் தொடங்கலாம், விலையும் மலிவு. புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குக் கொடுத்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். குறுகிய கோண கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு இருப்பவர்களுக்கு ஆகாது. வயதானவர்கள் ராத்திரி எழுந்து தலைசுற்றி விழுவார்கள். மனச்சோர்வும் சேர்ந்து இருந்தால் டுலாக்செட்டின் பொருந்தும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் 30 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து 60. முதல் வாரம் குமட்டும், அதோடு விட்டுவிடாமல் தாண்ட வேண்டும். ஈரல் நோயிலும் சிறுநீரகம் மிகவும் கெட்ட நிலையிலும் கூடாது. டிரமடால் என்ற வலிமாத்திரையோடு சேர்ந்தால் செரோட்டோனின் மிகையாகி ஆபத்து வரலாம். பிரிகாபலின் வழக்கமாக 75 மில்லிகிராமில் தொடங்கி, நாளைக்கு 300 வரை போகலாம். மயக்கம், எடை கூடுதல், கால் வீக்கம் வரும். பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரையும் கூடச் சாப்பிடுபவருக்குக் கால் வீக்கம் இரட்டிப்பாகும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தால் அளவைப் பாதியாகவோ அதற்கும் கீழோ குறைக்க வேண்டும். சிறுநீரகம் கெட்ட பெரியவர் பகலெல்லாம் தூங்கி வழிகிறார், வாய் குழறுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பக்கவாதத்தையும் தாழ்சர்க்கரையையும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அவை இல்லை என்று உறுதியான பிறகு பார்க்க வேண்டியது இந்த மாத்திரையின் அளவை.

நம் கடைகளில் இந்த மருந்துகள் தனியாக வருவதைவிடச் சேர்மானமாக வருவதே அதிகம். பிரிகாபலின் 75, நார்ட்ரிப்டிலின் 10, மீத்தைல்கோபாலமின் 1500 மைக்ரோகிராம் மூன்றும் ஒரே மாத்திரையில். விழுங்க வசதிதான். ஆனால் ஒன்றை ஏற்றி மற்றொன்றை இறக்க வழியில்லை, பக்கவிளைவு வந்தால் யாரால் வந்தது என்றும் தெரியாது. தொடக்கத்தில் தனித்தனியாகக் கேட்டு வாங்குவதே சரி என்பது என் கட்சி.

இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. நான்கு நாள் சாப்பிட்டுவிட்டு "கேட்கவில்லை" என்று மாற்றுவது ஒன்று. சரியான அளவை எட்டிய பிறகு 4 முதல் 6 வாரம் கொடுத்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். பாதி வலி குறைந்தாலே அது வெற்றி. மற்றது, நன்றாகத் தூக்கம் வந்ததும் சட்டென்று நிறுத்துவது. பிரிகாபலினையும் டுலாக்செட்டினையும் அப்படி நிறுத்தினால் படபடப்பு, தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும். படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

"நரம்புச் சத்து" மாத்திரைகள் தனி உலகம். பி12 குறைந்தவருக்கு பி12 மருந்து. குறையாதவருக்கு அது பெரிதாக ஏதும் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பி6 விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். பைரிடாக்சின் என்று அட்டையில் இருக்கும் இந்த பி6 அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுத்து, இதே மரப்பைத் தரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் நாளைக்கு 12 மில்லிகிராம் என்று மேல்வரம்பு வைத்தது. கையில் இருக்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அதைப் பல மடங்கு தாண்டியவை உண்டு. இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயரில் எழுதிக்கொடுத்த சத்து மாத்திரையைச் சேர்த்து விழுங்குபவர்கள் இதைக் கட்டாயம் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் நாளைக்கு 600 மில்லிகிராம், வெறும் வயிற்றில். 2006இல் வந்த ஐந்து வார ஆய்வில் எரிச்சல் குறைந்தது, அளவை 1,200, 1,800 என்று ஏற்றியதில் குமட்டல்தான் கூடியது. நான்கு வருட ஆய்வில் முக்கிய இலக்கு எட்டப்படவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2024 தொகுப்பாய்வு, ஆறு மாதத்துக்கு மேல் பார்த்தால் அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறது. மூன்று மாதம் போட்டுப் பார்க்கலாம், நோட்டில் மாற்றம் இல்லையென்றால் பணத்தை நல்ல செருப்புக்குத் திருப்பலாம்.

மூலிகைப் பக்கம் வருவோம். மூலிகை என்றாலே இளக்காரம் பேசுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஐரோப்பாவின் கலேகா என்ற செடிதான். மூலிகை என்றாலே பக்கவிளைவு இல்லை என்பவர்களுக்கும் அதே செடிதான் பதில். செடியில் மருந்து இருக்கிறது என்றால் அளவு இருக்கிறது, பக்கவிளைவும் இருக்கிறது.

மூலிகைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெந்தயம், சிறுகுறிஞ்சான், ஆவாரை, நாவல், பாகல் எல்லாம் சர்க்கரையைக் குறைக்கப் பயன்படுபவை. நரம்புக்கு அவை செய்வது மறைமுக உதவி மட்டுமே. வெந்தயத்தின் நார் மாவுச்சத்து உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வில் கொடுத்தது நாளைக்கு 100 கிராம், கொழுப்பு நீக்கிய பொடி. ஊறவைத்து விழுங்கும் ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம்தான். அதனால் தீங்கில்லை, அற்புதமும் இல்லை. அதே நார் மாத்திரையையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் மருந்துக்கும் வெந்தயத்துக்கும் இரண்டு மணிநேர இடைவெளி விட வேண்டும்.

சிறுகுறிஞ்சானை மென்றால் கொஞ்ச நேரம் சர்க்கரை மண்ணாக இருக்கும். 1990இல் சென்னை ஆய்வாளர்கள் 22 பேருக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் சாற்றுப்பொடியை 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது, 5 பேர் மாத்திரையையே விட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது, இருந்தாலும் ஒதுக்கத் தக்கதும் அல்ல. ஒரு சிக்கல் இதிலேயே ஒளிந்திருக்கிறது. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இதையும் பாகற்சாற்றையும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். உள்ளுறுப்பு நரம்புகளும் கெட்டவருக்குத் தாழ்சர்க்கரையின் படபடப்பும் நடுக்கமும் எச்சரிக்கையாக வராது, நேராக மயக்கம்தான். மூலிகை தொடங்கும் முதல் இரண்டு வாரம் குளுக்கோமீட்டரில் தினமும் பார்ப்பது இதற்காகத்தான்.

சித்த மருத்துவத்தின் ஆவாரைக் குடிநீரில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம் சேரும். குடிநீர்ச் சூரணம் என்பது இடித்த கரகரப்பான பொடி. வழக்கமாக 5 கிராமை 240 மில்லி தண்ணீரில் போட்டு, சிறு தீயில் 60 மில்லியாக வற்றவைத்து, வடிகட்டி, அப்போதே குடிக்க வேண்டும். மாவுபோல அரைத்த பொடியை வாங்கினால் அடியில் பிடித்துக் கருகும், வடிகட்டினாலும் சேறாக இருக்கும். மூன்று நாளைக்குச் சேர்த்துக் காய்ச்சிவைப்பது, தேன் கலப்பது, இரண்டுமே வேண்டாம். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பார்கள். ஆவாரை குடித்துக்கொண்டே இன்சுலினை நிறுத்தியவர்களை அந்தப் பழமொழி கணக்கில் எடுக்கவில்லை.

நேரடியாக நரம்பு வலிக்கு என்று பார்த்தால், செடிகளில் இதுவரை நன்றாக நின்றிருப்பது மிளகாய். அதன் காரப்பொருளான கேப்சைசின் வெப்பம் உணரும் நரம்பு நுனிகளைக் களைத்துப்போகச் செய்கிறது. 0.075 சதவீதக் களிம்பைப் பட்டாணி அளவு எடுத்து எரியும் இடத்தில் நாளைக்கு மூன்று நான்கு முறை தேய்க்க வேண்டும். முதல் ஒரு வாரம், பத்து நாள் எரிச்சல் கூடும், அங்கேயே பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். ஒருநாள் போட்டு ஒருநாள் விட்டால் களைப்பு நிகழாது, எரிச்சல் மட்டும் மிஞ்சும். கையுறை போட்டுத் தேய்த்து, பிறகு சோப்பால் கழுவ வேண்டும். புண், வெடிப்பு, விரலிடுக்கு பக்கம் போகக் கூடாது. 8 சதவீத கேப்சைசின் உள்ள ஒட்டுப் பட்டையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020இல் இந்த நோய்க்கு அனுமதித்தது. மருத்துவமனையில் பாதத்தில் 30 நிமிடம் ஒட்டி எடுப்பார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசுவது வைத்தியம் அல்ல, தீக்காயம். ஏற்கெனவே மரத்த காலுக்கு இது எதுவும் வேண்டாம், எரிகிற காலுக்கு மட்டும்தான்.

மஞ்சளில் ஈரானில் 80 பேரிடம் நடந்த ஒரு சிறு ஆய்வு இருக்கிறது. மஞ்சளின் சத்தான குர்குமினை நுண்துகளாக்கிய நானோ குர்குமினை நாளைக்கு 80 மில்லிகிராம் 8 வாரம் கொடுத்ததில் அறிகுறிகள் தணிந்தன. பாலில் போடும் மஞ்சள்தூளுக்கு அது பொருந்தாது, குர்குமின் குடலில் உறிஞ்சப்படுவதே குறைவு. உறிஞ்சுவதற்காக மிளகுச் சத்தான பிப்பெரினைச் சேர்த்த மாத்திரைகள் சிலருக்கு ஈரலைக் கெடுத்திருக்கின்றன. பிப்பெரின் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். சமையல் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை. அமுக்கரா தூக்கம் தரும், பிரிகாபலினும் தூக்கம் தரும், இரண்டும் சேர்ந்தால் காலையில் எழுவது சிரமம்.

எண்ணெய்களில் பிண்ட தைலம் பாத எரிச்சலுக்குப் பழைய வழக்கம். நல்லெண்ணெயில் மஞ்சிட்டி, நன்னாரி, குங்கிலியம், தேன்மெழுகு. வறண்ட தோலுக்கு அது நிச்சயம் நல்லது, தடவும் கையின் இதமும் சேர்ந்துகொள்கிறது. சூடாக்காமல், விரலிடுக்கில் விடாமல், அழுத்திப் பிடிக்காமல் தடவ வேண்டும். தடவிய காலோடு டைல்ஸ் தரையில் நடந்தால் இடுப்பெலும்பு முறியும், ஆகவே படுக்கப் போகும்போது தடவி, துடைத்துவிட்டு இறங்குங்கள். மருதாணி குளிர்ச்சி தரும், இலையை அரைத்தது என்றால் பாதகமில்லை. கடையில் விற்கும் கறுப்புக் கோனில் முடிச்சாயம் கலந்திருக்கும், மரத்த தோலில் கொப்புளம் வந்ததே தெரியாது.

இந்த நோய்க்குத் தவிர்க்க வேண்டிய மூலிகைச் சரக்கு எது என்று கேட்டால், கலவை தெரியாத பற்பமும் செந்தூரமும், அதாவது உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பொடிகள், என்பேன். ஈயமும் ஆர்சனிக்கும் தாமாகவே நரம்பைக் கொல்பவை. ஆர்சனிக் நஞ்சு வரும் விதமே காலுறை, கையுறை வடிவம்தான். அதாவது மருந்து நோயைப் போலவே வேடம் போடும், "நோய் முற்றுகிறது" என்று அளவைக் கூட்டுவார்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்து 2008இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதாவது ஒன்று இருந்தது. உரிம எண், தொகுதி எண், சரக்குப் பட்டியல் இல்லாத பொட்டலம் எதையும் வாங்காதீர்கள், பட்டம் பெற்ற சித்த மருத்துவர் எழுதிக்கொடுத்ததை மட்டும் எடுங்கள். மூன்றே நாளில் சர்க்கரை மடமடவென்று இறங்கினால் பொடிக்குள் கிளிபென்கிளமைடு இருக்கிறதா என்றும், மூன்றே நாளில் உடல் வலியெல்லாம் பறந்து சர்க்கரை ஏறினால் ஸ்டீராய்டு இருக்கிறதா என்றும் சந்தேகப்பட வேண்டும்.

சிறுநீரகம் பலவீனமானவர்கள் இலும்பன் புளிச் சாற்றைத் தொடவே கூடாது. அதிலுள்ள ஆக்சாலேட் சிறுநீரகத்தில் படிந்து, கேரளத்தில் பத்துப் பேருக்கு திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்தது 2013இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. நட்சத்திர வடிவ விளிம்பிப்பழமும் அதே குடும்பம்.

மூன்றாவது வேலையைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை: மரத்த காலைக் காப்பது. காலை இழப்பது எரிச்சலால் அல்ல, மரப்பால். எரிகிறது என்று ஐஸ் வைப்பது, மதமதப்பு என்று வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைப்பது, சூடான செங்கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுப்பது, மூன்றுமே புண்ணில் முடியும். தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்தளம் உள்ளங்காலைக் கொப்பளிக்க வைக்கும். உணர்வுள்ளவர் ஓடிவிடுவார், மரத்தவர் நிதானமாக வலம் வருவார். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலில் அதை நடப்பது மரத்த காலுக்கு ஆகாது. வேண்டுதல் இருந்தால் தடித்த காலுறையோடு, அதிகாலையில், கொஞ்ச தூரம்.

ஹவாய் செருப்பு வேண்டாம். விரலிடையில் வார் உரசும், கழன்று போனாலும் தெரியாது. பின்னால் வார் உள்ள, எம்சிஆர் எனப்படும் மென்ரப்பர் உள்தளம் வைத்த செருப்பு வேண்டும். வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் மரத்த பாதத்துக்காகப் புழக்கத்துக்கு வந்த பொருள் அது, இன்று அதிகம் தேவைப்படுவது சர்க்கரைக்காரர்களுக்கு. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி உடனே மீள வேண்டும், அமுங்கியே கிடந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்க வேண்டும். வீட்டுக்குள்ளும் போட வேண்டும். கால் வீங்குபவர்கள் மெட்டியைக் கழற்றிவைக்கலாம், இறுகிய மெட்டியின் கீழ் புண் வந்தது பார்த்தால்தான் தெரியும். கால் ஆணிக்கு ஒட்டும் அமிலப் பட்டை வேண்டாம். தினமும் ராத்திரி கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கண் மங்கியவருக்கு வீட்டில் யாராவது பார்க்க வேண்டும்.

அப்போதே இரண்டு பாதத்தையும் புறங்கையால் தொட்டுச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக, சிவந்து, வீங்கியிருந்து, வலி அதிகம் இல்லை என்றால் அதை வாத நீர் என்றோ யூரிக் ஆசிட் என்றோ சுளுக்கு என்றோ எண்ணி எண்ணெய் தேய்க்காதீர்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும் சார்க்கோ பாதமாக இருக்கலாம். முதல் வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, அதை நம்பி நடக்கவிட்டால் பாத வளைவு இடிந்து தொட்டில் கட்டை மாதிரி ஆகிவிடும். அன்றே அந்தக் காலைத் தரையில் ஊன்றுவதை நிறுத்தி, பாத மருத்துவம் தெரிந்த இடத்தில் முழுப் பாதத்தையும் அணைக்கும் மாவுக்கட்டுப் போட வேண்டும். வீக்கம் வற்றும்போது கட்டு தளரும் என்பதால் முதல் கட்டைச் சில நாளிலேயே மாற்றிப் போடுவார்கள். இரண்டு காலின் சூட்டுக்கும் வித்தியாசம் 2 டிகிரி செல்சியசுக்குக் கீழே வந்து நிலைக்கும்வரை, அதாவது மாதக்கணக்கில், கட்டு இருக்கும்.